பெட்டியில் இல்லாத ஊர்

ஆம்பூரில் தைத்த ஷூ ஒன்று ஒரு ஜெர்மன் பிராண்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டியின் குறுகிய பக்கத்தில் ஒரு வெள்ளை லேபிள் இருக்கும். அளவு, நிறம், மாடல் எண், அடியில் கோடுகோடாகப் பதின்மூன்று இலக்கப் பார்கோடு. அந்த லேபிளை அச்சடித்து ஒட்டுவது ஆம்பூர் ஷூ கம்பெனியின் பேக்கிங் பிரிவுதான். ஆனால் எண் 4 என்ற இலக்கத்தில் தொடங்கும், ஏனென்றால் 400 முதல் 440 வரையிலான முன்னெண்கள் ஜெர்மனிக்கு ஒதுக்கப்பட்டவை. பிரிட்டிஷ் பிராண்ட் என்றால் 50, இத்தாலி என்றால் 80 முதல் 83 வரை. இந்தியாவுக்கு உரிய 890 அந்தப் பெட்டியில் எங்குமே வராது.

இந்த 890 பற்றி வாட்ஸப்பில் ஒரு செய்தி அவ்வப்போது சுற்றி வரும். பார்கோடு 890-இல் தொடங்கினால் இந்தியப் பொருள், வாங்குங்கள். வேறு எண்ணில் தொடங்கினால் வெளிநாட்டுப் பொருள், தவிர்த்துவிடுங்கள் என்று. தேசப்பற்றோடு அனுப்பப்படும் தவறான தகவல் இது. முதல் மூன்று இலக்கங்கள், பொருளுக்குச் சொந்தக்காரரான நிறுவனம் எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பில் (பார்கோடு எண்களை ஒதுக்கும் அமைப்பு) பதிவு செய்திருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சீனாவில் செய்து இந்திய நிறுவனம் தன் பெயரில் விற்கும் பொருளில் 890 இருக்கலாம். ஆம்பூர்க்காரர்கள் கையால் தைத்த ஷூவில் இல்லாமல் போகலாம். அந்தச் செய்தியை நம்பிப் பொருள் வாங்குகிறவர், நம் ஊரில் செய்த ஷூவையே அந்நியப் பொருள் என்று ஒதுக்கிவிட வாய்ப்பிருக்கிறது.

ஷூவுக்குள் தேடினாலும் ஊர் கிடைக்காது. 1994-ஆம் ஆண்டின் ஐரோப்பிய நெறிமுறைப்படி காலணியின் மேற்பாகம், உட்புறம், அடிப்பாகம் எதனால் ஆனவை என்று சின்னங்கள் வழியே காட்ட வேண்டும். தோலுக்கு விரித்துப் போட்ட தோலின் உருவம், துணிக்குப் பின்னல் சதுரம். எந்த நாட்டில் செய்தது என்று சொல்ல வேண்டிய பொதுக் கட்டாயம் ஐரோப்பிய ஒன்றியத்தில் காலணிக்கு இல்லை. அமெரிக்காவில் நாட்டின் பெயர் கட்டாயம். அங்கேயும் நாட்டோடு நின்றுவிடும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய பெயர்கள் கப்பல் ஆவணங்களில் வரும், கடை அலமாரியில் வராது.

இப்போது அந்தக் கோடுகளின் பக்கத்தில், அல்லது அவற்றின் இடத்தில், ஒரு சதுரம் வந்து உட்கார்கிறது. செல்போனைக் காட்டினால் பிராண்டின் பக்கம் திறக்கும். விளம்பரத் துறையினர் இதை வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் வழி என்கிறார்கள். ஆம்பூரின் பாலாற்றங்கரையில் நின்று பார்த்தால் கேள்வி வேறாகிறது: திறக்கும் பக்கத்தை எழுதுவது யார், அதில் யாரெல்லாம் இடம்பெறுகிறார்கள்? க்யூஆர் விளம்பரம் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் எத்தனை பேர் ஸ்கேன் செய்தார்கள் என்று எண்ணுவதோடு முடிந்துவிடுகின்றன. ஸ்கேன் செய்தவருக்கு என்ன கிடைத்தது என்று கேட்பது குறைவு.

க்யூஆர் கோடு விளம்பரத்துக்காகப் பிறந்ததல்ல. 1994-இல் ஜப்பானில், அன்று டென்ஸோ நிறுவனத்தின் ஒரு பிரிவாக இருந்த டென்ஸோ வேவில் மசாஹிரோ ஹாராவின் குழு, கார் உதிரிபாகங்களைத் தொழிற்சாலைக்குள் கண்காணிக்க உருவாக்கியது அது. ஒரே பெட்டியில் பல பார்கோடுகளை ஒட்டி ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டியிருந்த தொல்லைக்கு மாற்று. மூன்று மூலைகளிலும் இருக்கும் கட்டங்களின் கறுப்பு வெள்ளை விகிதம் 1:1:3:1:1. இந்த விகிதத்தைக் கண்டுபிடிக்க ஹாராவின் குழு விளம்பரத் துண்டறிக்கைகள், பத்திரிகைகள், அட்டைப்பெட்டிகள் எல்லாவற்றிலும் உள்ள அச்சு வடிவங்களை அலசி, அவற்றில் மிக அரிதாக வரும் விகிதத்தைத் தேர்ந்தெடுத்தது. கருவி வேறு எதையும் கோடு என்று தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நோக்கம். விளம்பரங்களிலிருந்து விலகி நிற்கவென்று வடிவமைத்த சதுரம் கடைசியில் விளம்பரங்களிலேயே குடியேறியது. டென்ஸோ வேவ் காப்புரிமையை வைத்துக்கொண்டே கட்டணம் கேட்காமல் விட்டதும், 2000-இல் அது ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டதும் அதற்கு வழி திறந்தன.

விளம்பரத்தில் அதன் ஆரம்ப நாட்கள் அவ்வளவு சிறப்பானவை அல்ல. 2010-இல் கால்வின் கிளைன் நிறுவனம் நியூயார்க்கில் படமே இல்லாமல் ஒரு பெரிய சிவப்புக் க்யூஆர் கோடை மட்டும் பலகையில் வைத்தது. தணிக்கை செய்யாததைப் பாருங்கள் என்று பக்கத்தில் ஒரு வரி. பேசப்பட்டது. ஆனால் அன்றைக்கு அதைப் படிக்கத் தனியாக ஒரு செயலி தேவைப்பட்டது. ஒரு விளம்பரத்தைப் பார்க்கச் செயலி இறக்கிக்கொள்ளும் பொறுமை எத்தனை பேருக்கு இருக்கும்? மைக்ரோசாப்ட் தன் சொந்த வண்ணக் குறியீட்டைக் கொண்டுவந்து சில ஆண்டுகளில் மூடிவிட்டது. அந்தக் காலத்தில் உருப்படியாகத் தெரிந்தது 2011-இல் தென் கொரியாவில் டெஸ்கோ ஹோம்ப்ளஸ் செய்தது. சியோல் சுரங்க ரயில் நிலையச் சுவரில் கடை அலமாரியை அசல் அளவில் படமாக ஒட்டி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு வைத்தார்கள். ரயிலுக்குக் காத்திருப்பவர் அரிசியையும் பாலையும் ஸ்கேன் செய்துவிட்டு வண்டி ஏறலாம். சாமான் வீட்டுக்கு வந்துவிடும். காத்திருக்கும் நேரம், கையில் போன், தேவையான பொருள், உடனே கிடைக்கும் பலன் எல்லாம் அங்கே கூடிவந்தன.

2017-இல் ஐபோனின் கேமராவே கோடு படிக்கத் தொடங்கியது. ஆண்ட்ராய்டு போன்களும் அதே வழிக்கு வந்தன. பிறகு கொரோனா காலம் உலகம் முழுவதற்கும் ஸ்கேன் செய்யக் கற்றுக்கொடுத்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவின் சூப்பர் பவுல் ஒளிபரப்பின்போது காயின்பேஸ் நிறுவனம் ஒரு நிமிடம் முழுக்கக் கறுப்புத் திரையில் ஒரு க்யூஆர் கோடை மிதக்கவிட்டது. ஒரு நிமிடத்தில் 2 கோடி வருகைகள், தளம் தடுமாறியது. அந்த விளம்பரம் எதையும் சொல்லவில்லை. ஆர்வத்தைக் கிளப்பி மனிதரைக் கதவு வரை இழுத்து வந்தது, அவ்வளவுதான். அந்தக் கதவும் அன்றைக்குச் சற்று நேரம் திறக்கவில்லை.

நம்மூரில் இந்தப் பழக்கத்தை உண்டாக்கியது எந்தப் பிராண்டும் அல்ல. 2016-இல் யுபிஐ வந்தது. 2020-இல், எந்தக் கோடையும் எந்தச் செயலியாலும் படிக்க முடிய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நிறுவனங்களைப் பொது வழிக்குக் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ வழியே 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. எல்லாமே கோடு வழியாக நடந்தவை இல்லை என்றாலும், தள்ளுவண்டி வரை ஒட்டியிருக்கும் அந்தச் சதுரம்தான் மக்கள் கைக்குப் பழகியது. தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தனி வழியும் உண்டு. 2018-இல் புதுப்பித்த பள்ளிப் பாடநூல்களிலேயே அரசு க்யூஆர் கோடுகளை அச்சிட்டது. அம்மாவின் போனை வாங்கிப் பாடத்தின் மேல் காட்டிய பிள்ளைக்கு, அச்சிட்ட காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு பக்கம் இருக்கிறது என்பது விளம்பரக்காரர்கள் வருவதற்கு முன்பே தெரிந்துபோனது.

இவ்வளவு பழகிய பிறகும் கோடை எங்கே வைப்பது என்பதில் விளம்பரக்காரர்கள் தவறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தொட்டுப் போகிறது. இரு பக்கமும் பலகைகள். சிலவற்றின் மூலையில் க்யூஆர் கோடும் இருக்கும். படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது கோட்டின் அளவு இருக்க வேண்டும் என்பது துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் தோராயக் கணக்கு. 40 மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டுமானால் 4 மீட்டர் சதுரம் தேவை. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. பலகை தெளிவாகத் தெரியத் தொடங்கும் 100 மீட்டரிலிருந்து அதைத் தாண்டும் வரை கிடைப்பது நாலரை நொடி. அதற்குள் போனை எடுத்து, பூட்டைத் திறந்து, கேமராவை இயக்கி, ஆடாமல் பிடித்து... ஓட்டுநர் இதைச் செய்தால் விளம்பரச் செலவோடு ஆஸ்பத்திரிச் செலவும் சேரும். அதே கோடு சுங்கச்சாவடிக்கு அடுத்த டீக்கடை மேசையில் இருந்திருந்தால் யாராவது படித்திருப்பார்கள்.

நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் வந்தால் ஷூ கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியது, சின்னக் குறையால் திருப்பப்பட்டது, மாதிரிக்குத் தைத்தது எல்லாம் அங்கே விற்பனைக்கு வரும். பெங்களூருக்குப் போகிறவர்கள் பிரியாணிக்கு வண்டியை நிறுத்தி, அப்படியே ஒரு ஜோடி ஷூவும் வாங்கிக்கொள்வது பல வருட வழக்கம். அங்கே நடக்கும் உரையாடல் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

"பாய், இது எந்தக் கம்பெனி?"

"எக்ஸ்போர்ட் மால் சார். தோலைத் தொட்டுப் பாருங்க. இதே ஷூ வெளிநாட்ல பத்து மடங்கு விலை."

விற்பவர் எந்தப் பெயரையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சில ஜோடிகளில் நாக்குப் பட்டையில் பிராண்டு லேபிள் இருந்த இடத்தில் தையல் ஓட்டைகள் மட்டும் தெரியும். பிராண்டு தன் பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த இடத்தில் வைக்க ஊருக்கென்று ஒரு பெயர் இல்லை. கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் பணம் வாங்கும் அட்டையில் இருப்பதுதான் அந்தக் கடையின் ஒரே க்யூஆர் கோடு. அது ஒரு நாளில் பலமுறை ஸ்கேன் செய்யப்படுகிறது. விளம்பர மொழியில் சொன்னால் இதைவிட வெற்றிகரமான கோடு ஊரில் கிடையாது. பணம் போய்ச் சேர்ந்ததும் ஒலிப்பெட்டி தொகையைச் சொல்கிறது, அதோடு உறவு முடிகிறது. இன்ன தொழிற்சாலையில் இன்ன தோலில் தைத்தது, சோல் தேய்ந்தால் இங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் இன்னொரு சதுரத்தை ஷூப் பெட்டியிலோ பில்லின் பின்பக்கத்திலோ அச்சடிக்கப் பெரிய செலவில்லை. சொல்ல அனுமதி உண்டா என்பதுதான் கடைக்காரரின் சிக்கல்.

காலணியில் கோடு வைப்பதில் தொழில்நுட்பச் சங்கடங்களும் உண்டு. அவற்றை வடிவமைப்பாளர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கோட்டைச் சுற்றி நான்கு கட்டம் அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நல்ல வேறுபாடு வேண்டும். பழுப்புத் தோலில் அதே பழுப்பில் அழுத்திப் பதித்தால் பார்க்க அழகாக இருக்கும், போனுக்குத் தெரியாது. இன்சோலில் அச்சிட்டால் ஒரு கோடைக்கால வியர்வையில் போய்விடும். பிழைதிருத்தும் கணிதம் உள்ளே இருப்பதால் உச்ச அளவில் 30 சதவீதம் வரை சிதைந்தாலும் கோடு படிக்கப்படும். நடுவில் பிராண்டின் சின்னத்தைச் செருகும் அலங்காரம் இந்தச் சலுகையில் கை வைப்பதுதான். அலங்காரத்துக்குப் பாதியைச் செலவழித்துவிட்டால் தேய்மானத்துக்கு மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். நீண்ட முகவரியை உள்ளே வைத்தால் கட்டங்கள் பொடிப்பொடியாகிவிடும். குறுமுகவரி வைத்து, அது போய்ச் சேரும் பக்கத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடே இப்போது வழக்கம். அந்தக் குறுமுகவரியை ஏதோ ஒரு சேவை நிறுவனத்திடம் சந்தா கட்டி வாங்கியிருந்தால், சந்தா நின்ற நாளில் அச்சடித்த அத்தனை பெட்டிகளும் ஊமையாகிவிடும்.

ஆம்பூர் உள்ளிட்ட வேலூர் வட்டாரத் தோல் ஊர் பெயரில் விற்ற காலம் எப்போதுமே இருந்ததில்லை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கப்பலேறி லண்டன் ஏலத்துக்குப் போனது. அங்கே அதன் பெயர் 'ஈஸ்ட் இந்தியா' தோல். சுருக்கமாக இ.ஐ. தோல். ஒரு கம்பெனி ஆட்சியின் பெயர் பொருளின் பெயராகி, அதே பெயரில்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டின் புவிசார் குறியீட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. 1972-இல் சீதாராமையா குழு பரிந்துரைத்தபடி அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு படிப்படியாகக் கட்டுப்படுத்தியது. டேனரிகள் முழுமையாக்கிய தோலுக்கும், அங்கிருந்து ஷூ அப்பருக்கும், பிறகு முழு ஷூவுக்கும் நகர்ந்தன. மதிப்பு ஏறிக்கொண்டே வந்தது. பெயர் மட்டும் ஒவ்வொரு படியிலும் வாங்குபவருடையதாகவே இருந்தது.

ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரியவந்த தருணங்கள் வேறு வகையானவை. 1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைத் தடுப்பு வேதிப்பொருளைத் தடை செய்தபோது இந்தியத் தோல்கள் சோதனையில் மாட்டின. சென்னையின் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று வேதிப்பொருட்களைச் சொல்லி ஏற்றுமதியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. 1994-இல் குறிப்பிட்ட அஸோ சாயங்கள் மீதான தடை வந்தது. 2015 மே முதல் தோலில் ஆறாம் நிலைக் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதித்தது. உள்நாட்டில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது. டேனரிக் கழிவால் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்கிறது. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சகதித் தொட்டி உடைந்து பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் வேலூர் மாசு வழக்கில் தீர்ப்பளித்தது. குற்றப்பத்திரிகையில் ஊரின் பெயர் தெளிவாகவே அச்சாகிறது. பாராட்டுப் பத்திரம் பிராண்டின் பெயருக்குப் போகிறது.

பெயரில்லாமல் இருப்பதற்கு வியாபார விலையும் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது 50 சதவீத வரி விதித்தபோது ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஆர்டர்கள் தடுமாறின. அந்த விகிதம் பிறகு எப்படி மாறினாலும், அந்த வாரங்களில் வெளிப்பட்ட பலவீனம் பழையதுதான். ஓர் அமெரிக்கப் பிராண்டு தன் ஆர்டரை வியட்நாமுக்கோ கம்போடியாவுக்கோ மாற்றினால் அதன் வாடிக்கையாளருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. கடையில் போய், ஆம்பூரில் செய்தது எங்கே என்று கேட்க ஆளில்லை. தேனையும் மாம்பழத்தையும் அப்படிக் கேட்டு வாங்குகிறோம். ஷூவை யாரும் கேட்பதில்லை.

கோலாப்பூரில் கேட்க வைத்தார்கள். 2025 ஜூனில் மிலான் ஆடை அணிவகுப்பில் பிராடா நிறுவனம் கோலாப்புரிச் செருப்பை ஒத்த செருப்புகளை வெறும் தோல் செருப்பு என்று காட்டியதும் மகாராஷ்டிரத்தில் கொதிப்பு கிளம்பியது. எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பிராடா ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2019-இலேயே புவிசார் குறியீடு பெற்ற பொருள் அது. அடுத்த மாதமே மகாராஷ்டிர அரசின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகமான லிட்காம், கோலாப்புரிச் செருப்புகளில் க்யூஆர் கோடு வைக்கும் திட்டத்தை அறிவித்தது. ஸ்கேன் செய்தால் செய்த கைவினைஞர் அல்லது பட்டறையின் பெயரும் இடமும், எந்த மாவட்டம், என்ன முறை, என்ன மூலப்பொருள், புவிசார் சான்று நடப்பில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். பெரிய பிராண்டுகள் கோடு வழியே தங்கள் கதையைச் சொல்லும்போது, அதே சதுரத்தில் செய்தவரின் பெயரை முதல் வரியாக வைத்தார்கள். இந்தியக் காலணித் துறையில் நான் அறிந்தவரை, விளம்பரமாகவும் சான்றாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்படி யோசித்த கோடு இதுதான்.

ஆம்பூர் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. கோலாப்புரி ஒரு வடிவம், பார்த்ததும் தெரிந்துவிடும். ஆம்பூரின் பலம் எந்த வடிவத்தையும் கேட்டபடி தைத்துக் கொடுப்பதில் இருக்கிறது. அந்தத் திறமைக்குப் புவிசார் குறியீடு வாங்குவது கடினம். அதோடு க்யூஆர் கோடு தன்னளவில் எதையும் மெய்ப்பிப்பதில்லை. போலிச் செருப்பு செய்பவர் அசல் கோடையும் படமெடுத்து அச்சடித்துவிடலாம். கடை வாசலில் இருக்கும் பணக் கோட்டின் மேல் வேறொரு கோட்டை ஒட்டிப் பணம் பிடுங்கும் மோசடிகள் நாம் அறிந்தவைதான். ஒவ்வொரு ஜோடிக்கும் தனி எண், அந்த எண் எத்தனை முறை, எங்கே ஸ்கேன் ஆனது என்ற பதிவு, சந்தேகம் வந்தால் எச்சரிக்கும் ஒரு மையம் எல்லாம் இருந்தால்தான் சதுரத்துக்குச் சாட்சியின் மதிப்பு வரும். தங்க நகையில் இதை அரசு செய்துகாட்டியிருக்கிறது. ஹால்மார்க் நகையில் உள்ள ஆறெழுத்து எண்ணை பிஐஎஸ் செயலியில் தட்டினால் விவரம் வருகிறது. அங்கே எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்டமும் ஓர் ஆய்வகமும் நிற்கின்றன.

காலணிக்கு அப்படி ஒரு சட்டம் ஐரோப்பாவில் உருவாகிக்கொண்டிருக்கிறது. 2024 ஜூலை 18 அன்று நடைமுறைக்கு வந்த நீடித்த பொருட்களுக்கான சூழல் வடிவமைப்பு ஒழுங்குமுறை, டிஜிட்டல் பொருள் பாஸ்போர்ட் என்ற ஒன்றைக் கொண்டுவருகிறது. பொருளின் மீதோ பெட்டியிலோ ஒரு தரவுக் குறி இருக்க வேண்டும். பெரும்பாலும் அது க்யூஆர் கோடாகவே இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் பொருளின் கட்டுமானம், பழுதுபார்ப்பு, மறுசுழற்சி பற்றிய தகவல் திறக்க வேண்டும். துணி முதல் வரிசையில் இருக்கிறது. காலணி முதல் வேலைத்திட்டத்தில் இடம்பெறவில்லை. அதற்கான ஆய்வை 2027-க்குள் முடிப்பதாக ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது. இதே 2027 இறுதிக்குள் உலகக் கடைகளின் பில்லிங் இயந்திரங்கள் சதுரக் கோடுகளைப் படிக்கத் தயாராக வேண்டும் என்பது ஜிஎஸ்1 வைத்திருக்கும் இலக்கு. அப்போது பில் போடும் கோடும், விளம்பரக் கோடும், சட்டம் கேட்கும் கோடும் ஒரே சதுரமாகிவிடும். பிராண்டு விரும்பியதை மட்டும் சொல்லும் பக்கமாக அது நீடிக்க முடியாது.

அந்த ஒழுங்குமுறையின் மூன்றாம் இணைப்பில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. பாஸ்போர்ட்டில் சேர்க்கக்கூடிய விவரங்களில் ஒன்று, பொருள் உருவான இடத்துக்கான தனி அடையாள எண். ஆம்பூர்த் தொழிற்சாலைக்கு ஓர் எண், தோல் பதனிட்ட டேனரிக்கு ஓர் எண் என்று வரலாம். எந்த விவரத்தை யார் பார்க்கலாம் என்பதை ஒவ்வொரு பொருள் வகைக்கும் தனித்தனியாகப் பிறகு தீர்மானிப்பார்கள். வாடிக்கையாளர் பார்க்கும் பகுதியிலா, சுங்க அதிகாரி மட்டும் பார்க்கும் பகுதியிலா? இரண்டாவது என்றால் ஆம்பூருக்குப் பழைய கதையே தொடரும்: கண்காணிப்புக்கு ஊர் வேண்டும், கௌரவத்துக்கு வேண்டாம்.

முதலாவது என்றால் சுகமான நிலை என்றும் சொல்ல முடியாது. ஊர் தெரிந்தால் ஊரில் உள்ளதெல்லாம் தெரியும். மொக்காசின், லோஃபர் வகைகளில் மேற்பாகத்தைக் கையால் தைப்பதுண்டு. ஏஜென்ட் பையில் கட்டிக் கொண்டுவரும் துண்டுகளை ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஊசி கோத்துத் தைத்துக் கொடுக்கிறார்கள். 2016-இல் பெங்களூரின் சிவிடெப், பிரிட்டனின் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்டுவைட், லேபர் பிஹைண்ட் த லேபிள் ஆகிய அமைப்புகள் இந்தப் பெண்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை ஐரோப்பாவில் பேசப்பட்டது. ஐரோப்பியக் கடையில் பெரிய விலைக்குப் போகும் ஷூவுக்கு அவர்களுக்குக் கிடைத்தது ஜோடிக்குச் சில ரூபாய். தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் இல்லாத அவர்களுக்கு எந்த அடையாள எண் வரும்? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் அன்றாடக் கணக்கு அந்தப் பக்கத்தில் வருமா? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் உப்பு மீட்கும் தொழில்நுட்பத்துக்கும் பணம் கொட்டியிருக்கும் கம்பெனிகளுக்கு அது வந்தால் லாபம். செய்யாதவர்களுக்கு வராமல் இருந்தால் லாபம். ஒரே ஊர் என்றாலும் எல்லோர் நலனும் ஒன்றல்ல. பெயரை முன்வைப்போம் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மௌனமாகிவிடுகிறார்கள்.

ஸ்கேன் செய்கிறவரின் தரவு இன்னொரு கணக்கு. விளம்பரக் கோடு ஒவ்வொரு முறையும் நேரம், ஏறக்குறைய இடம், போனின் வகை ஆகியவற்றைப் பதிவு செய்கிறது; பரிசுக்கூப்பன் என்று சொல்லிப் போன் எண்ணையும் வாங்கிக்கொள்கிறது. பில்லுக்குக் கட்டாயமாகப் போன் எண் கேட்கக் கூடாது என்று நுகர்வோர் அமைச்சகம் 2023-இல் அறிவுறுத்தியது, அதே ஆண்டுத் தனிநபர் தரவுச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. ஐரோப்பியப் பாஸ்போர்ட்டிலும் வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் அவர் விவரத்தைச் சேமிக்கக் கூடாது. ஆம்பூர்க் கம்பெனி தன் பெயரில் உள்நாட்டுப் பிராண்டு தொடங்கிக் கோடு அச்சடிப்பதானால் முதல் நாளிலேயே இதைக் கவனித்துக்கொள்வது நல்லது.

ஏற்றுமதி ஒப்பந்தங்களில் விலை, டெலிவரித் தேதி, தாமத அபராதம், தோல் சோதனை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். கோடு போய்ச் சேரும் முகவரி யாருடையது, அதில் தொழிற்சாலையின் பெயரும் ஊரும் வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் வருமா என்பதற்கும் அந்தப் பக்கங்களில் ஒரு பிரிவு வேண்டும். தனியாக ஒரு கம்பெனி கேட்டால் ஆர்டர் பக்கத்து நாட்டுக்குப் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆகவே கேட்க வேண்டியது தோல் ஏற்றுமதிக் கழகமும் மாநில அரசும்தான். காலணிக்கான ஐரோப்பிய ஆய்வு நடக்கும்போது இடத்துக்கான எண்ணை வாடிக்கையாளர் பார்க்கும் பகுதியில் வையுங்கள் என்று எழுதிக்கொடுக்கலாம். சுத்திகரிப்பு நிலையக் கணக்கையும், வீட்டில் தைக்கும் பெண்களின் கூலியையும் அதே கடிதத்தில் சேர்க்கச் சம்மதமா என்பதை ஆம்பூர் அதற்கு முன் தனக்குள் பேசி முடித்திருக்க வேண்டும்.